விசிலுக்குப் பிறகு நான் உதைத்தது

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். இதற்காக மூன்று நோட்டு ஆயிற்று. முதல் நோட்டில் என் பேத்தி படம் வரைந்துவிட்டாள். இரண்டாவது நோட்டு மழையில் நனைந்தது. நனைந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இது மூன்றாவது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். காரைக்காலில் கயிறு, வாளி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு மனிதரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் பாதிதான் தந்தார். மீதிப் பாதிக்கு அவர் வைத்த நிபந்தனை, நடந்ததை நடந்தபடி நான் என் கைப்பட எழுதி நாலு பேர் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற பயத்தோடு, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். யாருடைய பெயரும் போடவில்லை. அவரும் பெயர் வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும் என்றும் சொன்னார்.

நான் பதினேழு வருடம் கால்பந்து ஆடினேன். சேர்ந்தது தற்செயல். எங்கள் தெரு அணியினர் சவுக்குக் கம்பத்தில் கோல் கட்டுவதற்குக் கயிறு கேட்டார்கள். வாப்பா என்னிடம் கொடுத்தனுப்பினார். அங்கே போனால் பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினோராவது ஆளாக நிற்கச் சொன்னார்கள். நின்றேன். லெஃப்ட் பேக் இடம்தான் காலியாக இருந்தது. எனக்கு இடது கால் வராது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர்களுக்கே தெரிந்துவிட்டது, ஆனால் அதற்குள் நான் பழகிய ஆள் ஆகிவிட்டேன்.

எங்கள் கேப்டன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். முதல் மேட்ச் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஓடாத. நீ ஓடுறதைப் பாத்தா அவனுகளுக்குத் தைரியம் வந்துரும். நின்ன எடத்துலேயே நில்லு, அவனுகளே வருவானுக" என்றார். அதன்படியே நின்றேன். அவர்களும் வந்தார்கள்.

பதினேழு வருடத்தில் நான் போட்ட கோல் ஒன்று. அது எங்கள் கோலுக்குள் போனது. வலை கட்டாத கோல் என்பதால் பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. வெளியேதான் போனது என்று முடிவாயிற்று. ஆகவே நான் கோலே போட்டதில்லை என்றும் சொல்லலாம். ஃபார்வர்டு ஆடியவனுக்கு அடையாளம் அவன் போட்ட கோல். பேக் ஆடியவனுக்கு அடையாளம் அடுத்தவர் காலில் இருக்கும்.

தொழுகையை நான் விட்டதில்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போவேன், சூரியன் இறங்கியதும் மஃரிபுக்குப் பள்ளிவாசலில் இருப்பேன். இதனால் ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. நடுவர்கள்கூட என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்வார்கள். நான் யாரையாவது தட்டிவிட்டால், பாய் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பல தடவை வேண்டுமென்றுதான் செய்தேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டால் நடுவர் விசில் ஊதுவார். இரண்டு பக்கமும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிடுவார்கள். எதிர் அணியில் பதினோரு பேரும் இந்துப் பிள்ளைகளாக இருந்தாலும் நிற்பார்கள். பாங்கு முடிந்து, தொழுகிறவர்கள் தொழுதுவிட்டு வந்தபின், விட்ட இடத்தில் பந்தை வைத்து மறுபடி தொடங்குவார்கள். இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. மீறியவரும் யாரும் இல்லை, ஒருவனைத் தவிர.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் ஆடத் தொடங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது. கோடைக்காலப் போட்டியின் இறுதி ஆட்டம். எங்களுக்கு எதிராக திருநள்ளாறு பக்கத்து அணி. சாதாரணமாக அந்த ஆட்டம் மஃரிபுக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்தவர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று அரை மணி நேரம் பேசினார். அவர் சுருக்கமாகப் பேசியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் அவர்மேல் பழி போடுவது முறையில்லை. அவர் யாரையும் உதைக்கவில்லை.

அவர்களுடைய ரைட் விங்கில் ஆடியவருக்கு இருபது வயது இருக்கும். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். மெலிந்த உடம்பு. அடுத்த வாரம் அவருக்குப் புதுச்சேரியில் அணித் தேர்வு இருந்தது. அதில் எடுத்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைக்கும் என்று எங்கள் பக்கத்திலும் எல்லோருக்கும் தெரியும். ரைட் விங்கில் வருகிறவரை மறிக்க வேண்டியவன் லெஃப்ட் பேக். அதாவது நான்.

அன்று அவர் என்னைப் பதினோரு தடவை தாண்டிப் போனார். நான் எண்ணவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் எண்ணினார்கள், எனக்குக் கேட்கும்படியாகவே எண்ணினார்கள். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற எங்கள் தெருக்காரன் ஒருவன் லைனுக்குப் பக்கத்தில் வந்து, "நானா, அந்தத் தம்பி போயி ரொம்ப நேரமாச்சு. இன்னும் அங்க நின்னு யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டான். கோல் காத்து நின்ற எங்கள் கோலி சிரித்தான். எங்கள் கோலி சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. சூரியன் இறங்கிவிட்டது. பன்னிரண்டாவது தடவையாகப் பந்தை என் இடப்பக்கம் தட்டிவிட்டு வலப்பக்கமாக அவர் போனார். நான் திரும்புவதற்குள் ஒன்றரை எட்டு முன்னால் இருந்தார். அவருக்கும் கோலுக்கும் நடுவே கோலியைத் தவிர ஆள் இல்லை. அப்போது பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். நடுவர் விசில் ஊதினார்.

அவர் நின்றார். பந்தை உள்ளங்காலால் மிதித்து நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் நின்றதால்தான் என்னால் அவரை எட்ட முடிந்தது. ஓடி வந்த வேகம் என்று சொல்லலாம் என்று பல வருடம் நினைத்துப் பார்த்தேன். இல்லை. நான் வேகமாக ஓடக்கூடியவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். வலது காலால், ஊன்றி நின்ற அவருடைய முழங்காலின் பக்கவாட்டில் உதைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை. பாங்கு கேட்டதும் கூட்டம் எழுந்து, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. நடுவர் முதுகைக் காட்டியபடி தண்ணீர்ப் பானைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கோலி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி இருந்தது. ஏழு பேர் ஆடும் சின்ன ஆட்டத்துக்காகக் கோல் கம்பத்தை முன்னால் நட்டுவிட்டுப் பிடுங்கிய குழி, யாரும் மூடவில்லை.

அவர் கத்தியதைக் கேட்டுத்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டார்கள். விரலை நீட்டிக் குழியைக் காட்டினேன்.

"உதைச்சாருங்க, இவருதான் உதைச்சாரு" என்று அவர் தரையில் கிடந்தபடி சொன்னார். விசில் ஊதியபிறகு யாராவது உதைப்பார்களா என்று நடுவர் கேட்டார். கூட்டத்தில் ஒருவர், "பாங்கு சொல்லிக்கிட்டிருக்கையில பாய் உதைப்பாரா? தம்பி, வலியில பேசாதீங்க" என்றார். சொன்னவர் இந்து. எங்கள் மார்க்கத்தின்மேல் அவருக்கு இருந்த மதிப்பில் அப்படிச் சொன்னார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அடிபட்டவரை சோடா பாட்டில் ஏற்றும் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழப் போனேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. தொழுகையின் கடைசி இருப்பில், கலிமா விரல் என்று நாங்கள் சொல்லும் ஆள்காட்டி விரலை நீட்டும்போதுதான், சற்று முன் குழியைக் காட்டியதும் இதே விரல் என்று ஞாபகம் வந்தது. தொழுகை முடிந்து வந்து, விளக்குப் போட்டு மீதி ஆட்டத்தை ஆடினோம். அவர்களிடம் மாற்று ஆள் இல்லை, பத்துப் பேராக ஆடினார்கள். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் ஜெயித்தோம். எனக்கு மாலை போட்டார்கள்.

அவர் புதுச்சேரிக்குப் போகவில்லை. முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அந்த வேலை வேறு யாருக்கோ கிடைத்தது. இதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் சொல்லித் தெரிந்தது. அவர் ஊரில் அவரைக் குழிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. கல்யாணமானதும் அது குழிக்காரர் வீடு ஆயிற்று. கேட்டுக்கொண்டே கயிற்றை அளந்து கொடுத்திருக்கிறேன்.

நான் மேலும் ஒன்பது வருடம் ஆடினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கும் என் மனைவிக்கும் ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் பெயர் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் வீடு வீடாகப் போய், நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஹஜ் வகுப்பில் பாடம் நடத்திய ஹஜ்ரத் இதை அழுத்தமாகச் சொன்னார். அல்லாஹ்வுக்குச் செய்த தப்பை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், ஹஜ்ஜில் அரஃபா மைதானத்தில் நின்று அழுதாலும் அது தீராது என்றார்.

வகுப்பு முடிந்ததும் கால்பந்தும் இதில் சேருமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். ஃபவுல் கொடுத்திருந்தால் அது அங்கேயே தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், கொடுக்காத ஃபவுலைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவரும் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் ஆடியவர் என்று பிறகு தெரிந்தது.

மற்றவர்கள் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பட்டியல் போட்டார்கள். நான் ஃபார்வர்டுகளைப் பட்டியல் போட்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க பந்தையும் உதைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

தலத்தெருவில் ஒருவர். ஓய்வு பெற்ற கிளார்க். விஷயத்தைச் சொன்னதும் வேட்டியைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினார். நான் குனிந்து தொட்டுப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இது நீங்கள் இல்லை, இது சைக்கிளில் விழுந்தது என்று மற்றக் காலைக் காட்டினார். அதற்கும் கேட்டேன். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரி ஓட்டுகிற ஒருவர், லோடுக்காக வரிசையில் நின்ற லாரியிலிருந்து இறங்காமலே, தானும் என்னை ஒரு தடவை முழங்கையால் குத்தியிருப்பதாகவும் ஆகவே சரியாகிவிட்டது என்றும் சொன்னார். எனக்கு அது ஞாபகமில்லை. அவர் மனது கஷ்டப்படக் கூடாதென்று ஞாபகம் இருப்பதாகச் சொன்னேன். திரும்பி வரும்போது இது பொய்யில் சேருமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொருவர் எனக்கு நன்றி சொன்னார். நான் கொடுத்த அடியில் பயந்துதான் அவர் பந்தாட்டத்தை விட்டுவிட்டு சவூதிக்குப் போனாராம். மாடி வீட்டைச் சுற்றிக் காட்டினார். "உங்களுக்காக துஆ செய்யாத நாள் இல்ல நானா" என்றார். அவர் மனைவி பிரியாணி போட்டார்.

பதின்மூன்று பேர் முடிந்தார்கள். பதினான்காவது ஆளைக் கடைசியில் வைத்திருந்தேன். கிளம்புவதற்கு எட்டு நாள் இருந்தது.

அவர் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். போனது சனிக்கிழமை. சனிக்கிழமை திருநள்ளாற்றுப் பக்கம் வேலையாகப் போகக் கூடாது என்பது காரைக்காலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பதற்றத்தில் கிழமை பார்க்கவில்லை. குளத்தில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டம் லாட்ஜ் வாசலில் சாவிக்காக நின்றுகொண்டிருந்தது. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"ரூம் இல்ல பாய்" என்றார், தலையைத் தூக்காமல். "துணி மாத்த மட்டும்னா பின்னால எடம் இருக்கு."

"ரூமுக்கு வரலைங்க."

"வண்டி நிறுத்தவா?"

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "லெஃப்ட் பேக்கு" என்றார். பிறகு, எனக்குப் பின்னால் நின்றவருக்குச் சாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, திங்கட்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

திங்கட்கிழமை போனேன். வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. குழிக்காரர் வீடு எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, லாட்ஜ்காரர் வீடு என்றேன். "குழிக்காரரு வீடா?" என்று திருப்பிக் கேட்டு வழி காட்டினார்கள்.

இடது காலை நீட்டி ஒரு முக்காலிமேல் வைத்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறேன், மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"எதுக்கு மன்னிப்பு?"

"அன்னைக்கு ஆட்டத்துல உங்க கால்ல பட்டுருச்சு."

"பட்டுருச்சா?"

"ஆட்டம்னா அப்படி இப்படி..."

"ஆட்டம் நின்னுபோச்சே பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. லாட்ஜில் ரூம் இல்லை என்று சொன்ன அதே குரல்தான்.

மனதுக்குள் நபிமேல் ஸலவாத் ஓதிக்கொண்டு, உதைத்தேன் என்றேன். எப்போது என்று கேட்டார். விசிலுக்குப் பிறகு என்றேன். அப்போது அவர் எங்கே நின்றார் என்று கேட்டார். என்னைத் தாண்டி நின்றீர்கள் என்றேன். எவ்வளவு தாண்டி என்று கேட்டார். ஒன்றரை எட்டு என்றேன். தலையாட்டினார். பிறகு உள்ளே திரும்பி, "இந்தா, கொஞ்சம் வெளியில வா. பாய் என்னமோ சொல்றாரு, கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார். முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார் அவர். சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நெசமாவே குழியில விழலியா நீங்க?" என்றார்.

"இருபத்தஞ்சு வருசமா அதைத்தானே சொல்றேன்."

"நீங்க சொல்லும்போதெல்லாம் சரிம்பேன். மனசுக்குள்ள குழின்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்" என்றார் அவர்.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு காபி வந்தது. எனக்கும் சேர்த்துத்தான் வந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

எனக்கு முழுதாக ஒரு வார்த்தை வேண்டும் என்று கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டால் போதும் என்றேன். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பாய், நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க. உங்க பயணத்துக்கு நான் குறுக்க நிக்கல. காலை மன்னிச்சாச்சு. ஆடுறவன் காலு, கோவத்துல போயிரும், நானும் ஆடினவன்தான். விரலை மன்னிக்கல. அன்னைக்கு நீட்டுனீங்களே, அந்த விரலு. அது என்னைப் பொய்யனாக்கிடுச்சு. என் அப்பாவே சாகுற வரைக்கும் நம்பல. குழியைப் பாத்து ஓடத் தெரியாதவன் புதுச்சேரியில போயி என்ன ஆடியிருக்கப் போறான்னு கேட்டாரு."

வாயால் சொன்னால் இந்த வீட்டோடு போய்விடும், எழுதிக் கொடுங்கள் என்றார். விரல் செய்ததை விரலே எழுதட்டும், ஊர் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். திரும்பி வந்ததும் முதல் வேலை இதுதான், இன்ஷா அல்லாஹ், என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹஜ்ஜுக்குப் போனோம். அல்லாஹ்வின் கிருபையால் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அரஃபாவில் எல்லோரும் தங்களுக்கு இருந்ததையெல்லாம் கேட்டு அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் இதைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்க வேண்டிய இடம் திருநள்ளாற்றில் இருந்தது.

திரும்பி வந்தபோது ஹாஜியார் என்று கூப்பிட்டார்கள். கடையில் போர்டு மாற்றினோம். பழைய கேப்டனிடம் எழுதப் போவதைச் சொன்னேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும், "ஏன், கப்பைத் திருப்பிக் குடுக்கணுமா?" என்றார். வேண்டியதில்லை என்றேன். அப்படியானால் எதற்கு என்று கேட்டார். அந்த வருடம் இளைய மகள் கல்யாணம். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று தள்ளினேன். பிறகு கையெழுத்து நன்றாக இல்லை என்று தள்ளினேன்.

அவர் வருடத்துக்கு ஒரு தடவை, நோன்புப் பெருநாள் அன்று போன் செய்வார். "பெருநாள் வாழ்த்துங்க பாய். எழுதியாச்சா?" என்பார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பேன். சரி என்று வைத்துவிடுவார். நாலு வருடம் இப்படி நடந்தது. ஐந்தாவது வருடமும் போன் வந்தது. வாழ்த்துச் சொன்னார், பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், வைத்துவிட்டார். எழுதியாச்சா என்று கேட்கவில்லை.

அவர் கேட்கும்வரை எனக்குப் பயம் இல்லை. கேட்காமல் விட்டதும் பயம் வந்தது. மறுமையில் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிட்டாரோ என்று தோன்றியது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒவ்வொரு தொழுகையிலும் அந்த விரலை நீட்டித்தான் ஆக வேண்டும். நீட்டும்போதெல்லாம் மைதானம் வந்து நிற்கும். என் மனைவியிடம் சொன்னேன். அவள் கடைக்குப் போய் இந்த மூன்றாவது நோட்டை வாங்கிவந்து, பேத்திக்கு எட்டாத அலமாரியில் வைத்தாள்.

இதுவரை உள்ளதை எழுதி முடித்துப் போன மாதம் எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை திங்கட்கிழமை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, லாட்ஜ் மேஜையிலேயே வைத்து முழுதும் படித்தார். இடையில் ஒருவர் வந்து வெந்நீர் கேட்டார், அனுப்பிவிட்டுத் தொடர்ந்தார். பேனா எடுத்து மூன்று இடத்தில் அடித்தார்.

அன்று தரை ஈரமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "சித்திரையில ஏது பாய் ஈரம்?" என்றார். என்னையறியாமல் கால் போய்விட்டது என்று ஒரு வரி இருந்தது. அதையும் அடித்தார். மூன்றாவது, அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக நான் சேர்த்தது. அந்த விசில் மட்டும் ஊதாமல் இருந்திருந்தால் நிச்சயம் கோல் போட்டிருப்பார் என்று எழுதியிருந்தேன்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. வெளியில அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பேன். தாண்டினேன், அவ்வளவுதான். அதுக்கு மேல வேணாம்" என்று அதன் குறுக்கே கோடு போட்டார்.

விரலைப் பற்றிக் கேட்டேன். இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"முதல்ல ஊரு படிக்கட்டும் பாய். எங்க ஊருல ஒருத்தராவது என் பேரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேக்கட்டும். அன்னைக்கு நானே போன் பண்றேன்."

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுங்கள். திருநள்ளாறு பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவசியம் கொடுங்கள். கொடுக்கும்போது வார்த்தையை மாற்றாதீர்கள். எங்கள் பக்கத்தில் என்மேல் உள்ள பிரியத்தில், பாவம் தெரியாமல் பட்டிருக்கும் என்று சேர்ப்பார்கள். சேர்க்கக் கூடாது. அவர்கள் பக்கத்தில் நான் இரண்டு காலாலும் உதைத்ததாகச் சொல்வார்கள். அதுவும் வேண்டாம். ஒரு கால்தான், வலது கால். விசில் முதலில், உதை பிறகு. அவர் என்னைத் தாண்டி ஒன்றரை எட்டு போயிருந்தார். பாங்குக்காக நின்றார். குழியில் விழவில்லை.